கூட்டத்துக்கு விரித்த துணி

மஞ்சள் கறை போக வேண்டுமானால் துணியை வெயிலில் போட வேண்டும். வெயிலில் போட்டால் கரி விழும். சவுக்குமேட்டில் வெள்ளைத்துணி துவைக்கிறவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டியதுதான். ஊர்ப் பேரில் மட்டும்தான் சவுக்கு. மரமெல்லாம் போய் முப்பது வருஷமாகிறது. எண்ணூர் ரோட்டுக்குக் கிழக்கே அந்த இடத்தில் இப்போது நிற்பது நிலக்கரி. மூன்று மாடி உயரத்துக்குக் குவித்து, மேலே பேருக்கு ஒரு பச்சை வலையைப் போர்த்தி, காம்பவுண்டு சுவரில் ‘தூய்மையான காற்று நம் உரிமை’ என்று பெயிண்டில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்தைப் படிக்க வேண்டுமானால் முதலில் சுவரைக் கழுவ வேண்டும்.

சொக்கம்மாள் இந்தத் தொழிலுக்கு வந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால். புருஷன் ஜெயவேல் கரி லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிறவன். லோடு ஏறியதும் மேலே ஏறி, நாலு மூலையும் இழுத்துக் கயிறு போட வேண்டும். பத்து நிமிஷ வேலை. அந்தப் பத்து நிமிஷம் கம்பெனிக்கு நஷ்டமாகத் தெரிந்தபோது லாரிகள் தார்ப்பாய் கட்டாமலே ஓட ஆரம்பித்தன. அவனுக்கு வேலை பாதி போனது. மீதிப் பாதி மூச்சோடு போனது. இப்போது சட்டைப் பையில் மூச்சுமருந்துப் பம்பு ஒன்றை வைத்துக்கொண்டு, படி ஏறினால் ஒரு இழுப்பு, சோறு தின்றால் ஒரு இழுப்பு என்று உட்கார்ந்திருக்கிறான்.

கல்மண்டபத்தில் சப்ளையர்ஸ் கடை வைத்திருக்கும் பக்ருதீன் பாயிடம் சேர், டேபிள், பந்தல் சாமான் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். கல்யாண வீடுகளிலிருந்து திரும்பிவரும் சேர் உறைகளும் மேஜை விரிப்புகளும் சொக்கம்மாளிடம் வரும். வருகிற கோலத்தைச் சொல்லி மாளாது. பிரியாணி எண்ணெய், சாம்பார், வெற்றிலை எச்சில், குழந்தைகள் துடைத்த ஐஸ்கிரீம், இரும்புச் சேரின் துரு. வண்ணாரப்பேட்டையில் மெஷின் வைத்துத் துவைக்கிறவர்கள் கைவிட்ட துணியெல்லாம் இவளிடம் வெளுத்துப் போகும்.

எண்ணெய்க் கறைக்கு முதலில் தண்ணீரே காட்டமாட்டாள். அரிசி மாவைத் தூவி ஒரு மணி நேரம் ஊறவிட்டுத் தட்டிவிடுவாள். அப்புறம்தான் பாத்திரம் தேய்க்கிற சோப்பு, கை பொறுக்கிற சுடுதண்ணீர். துருவுக்கு எலுமிச்சையும் கல்லுப்பும். மஞ்சள் கறையில் எடுத்த எடுப்பில் சோப்பு போட்டால் ரத்தமாகச் சிவக்கும். அதைப் பார்த்து அவள் பயப்படமாட்டாள். அலசிப் பிழிந்து காலை வெயிலில் விரித்துவிட்டால் ஒன்பது மணிக்குள் கறை தானாக வெளிறும். போர்த்தண்ணீர் மஞ்சளாக வருவதால் வெள்ளைத்துணிக்கு லாரித் தண்ணீர்தான். அதற்குக் குடம் போட்டு, சண்டை போட்டு, கடைசி அலசலில் ரெண்டு சொட்டு நீலம் விடுவாள்.

இவ்வளவும் பத்தரை மணிக்குள். அதுவரைக்கும் தரைக்காற்று, கரி கடல்பக்கம் போய்விடும். பதினொன்றுக்கு மேல் கடற்காற்று ஏறும். கிடங்கின் மேலே ஒரு சாம்பல் நிறப் புகை எழுந்து நேராக மேற்கே வரும். அதற்கு முன்னால் ஈரமோ காய்ந்ததோ எல்லாத் துணியும் வீட்டுக்குள் போயாக வேண்டும். வீடு என்றால் ஒரே அறை. குறுக்கும் நெடுக்குமாக ஏழு கொடி. கதவையும் ஜன்னலையும் அடைத்து, ஃபேனைப் போட்டு, ஐம்பது அறுபது ஈரத்துணிக்குக் கீழே ஜெயவேல் படுத்திருப்பான். அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர், தூசியும் ஆகாது, ஈரமும் ஆகாது என்று சீட்டில் எழுதியே கொடுத்திருந்தார். அந்தச் சீட்டையும் அவள் ஒரு கொடியில்தான் கிளிப் போட்டு மாட்டியிருந்தாள்.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை பக்ருதீன் பாய் ஆட்டோவில் ஒரு மூட்டையோடு வந்து இறங்கினார்.

“சொக்கம்மா, பத்து டேபிள் கிளாத்து, எரநூறு சேர் கவரு. புதங்கெழம காலைல இங்க உங்க சவுக்குமேட்டு மண்டபத்துல விரிக்கணும். நீயே வந்து ஃப்ரில்லு மடிச்சுக் குத்திட்டுப் போயிடு. பெரிய பெரிய ஆபீசருங்க வராங்க.”

“இன்னா விசேசம் பாய்?”

பாய் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தார். “விசேசம் இன்னாம்மா விசேசம். இந்தக் கரிக்கெடங்குதான். ரெண்டாவது ஒண்ணு போடப்போறானுங்களாம். ஜனங்க கருத்து கேக்குறாங்களாம். சேரு, டேபிளு கான்ட்ராக்டு எனக்கு வந்துது. வந்தத வாணாம்னு சொல்ல முடியுமா?”

ரெண்டாவது கிடங்கு வரப்போவது சொக்கம்மாள் வீட்டுக்குப் பின்னால், இப்போது பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் காலி நிலத்தில். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அது வந்தால் தரைக்காற்றும் கரியோடுதான் வரும். காலை பத்தரை மணி என்கிற கணக்கே அப்புறம் கிடையாது. துணியை விடுங்கள். துணிக்குக் கீழே படுத்திருக்கிறவனுக்கு எந்த மணியில் மூச்சு விடுவது?

பக்கத்து வீட்டு ரெஜினா அன்று மாலை மூட்டையைப் பார்த்துவிட்டுத் தெருவிலேயே நின்றுகொண்டாள். அவள் மீன் விற்கிறவள், வாய் சும்மா இருக்காது.

“ஏங்க்கா, நம்ம பொழப்புல மண்ணு போட வரானுங்க, அவனுங்களுக்கு நீ துணி தோய்ச்சுத் தரியா?”

“பாயிக்குத் தோய்க்கிறேன். அவனுங்களுக்கா தோய்க்கிறேன்?”

“சரி, தோய். ரெண்டு துணியாவது மத்தியானம் வெளில போட்டு, கரிப்பொட்டோட குடேன். குந்தறவன் பாக்கட்டுமே.”

சொக்கம்மாளுக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. “எங்கைல இருந்து அயுக்குத் துணி போவாதுடி. நாலு ஆபீசருங்க வந்து பாத்துட்டு, இன்னாடா இந்த ஏரியா ஜனங்க இம்மாங் கலீஜான்னு சொல்லணுமா? மானம் இன்னாத்துக்கு ஆவும்?”

நம்முடைய பெரிய வியாதி இதுதான். நம்மைக் குப்பையில் தள்ளுகிறவன் வீடு தேடி வந்தால், குப்பை தெரியக்கூடாதே என்று நாம்தான் ஓடி ஓடிப் பெருக்குவோம். அந்த இரண்டு நாளும் அவள் துவைத்ததைப் போல அதற்கு முன்னால் துவைத்ததில்லை. அதிகாரிகள் உட்காரும் பெரிய மேஜைக்கு என்று ஒரு விரிப்பைத் தனியாக எடுத்து வைத்தாள். அதில் எந்தக் கல்யாணத்துப் பாயசமோ காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, நகம் படாமல் விரல் நுனியால் தடவித் தடவி எடுத்தாள்.

செவ்வாய் இரவு ஜெயவேல் ஈரத்துணிக்குக் கீழே உட்கார்ந்து, நாளைக்குப் பேச வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான்.

“எம் பேரு ஜெயவேலு. தார்ப்பா கட்றவன். பத்தொம்போது வருசம்... பத்தொம்போது...” பம்பை எடுத்தான். இழுத்தான். “கட்டாத லாரி போறத எங் கண்ணால பாத்தவன். இத்த எயுதிக்குவாங்களாமே? எயுதினாக்கண்டி மேல போவுமாம். வாயால சொன்னா போதாதாம், எயுதணுமாம்.”

“நீ மொதல்ல மூச்சு முட்டாம சொல்லு. கடகடன்னு ஓடாத.”

“ஓடலன்னா மைக்க புடுங்கிடுவாங்கோ. ரெண்டு நிமிசம்தான் ஒருத்தனுக்கு.”

அவன் தலைக்கு மேலே தொங்கிய விரிப்பிலிருந்து ஒரு சொட்டு அவன் கழுத்தில் விழுந்தது. துடைத்துக்கொண்டு மறுபடியும் எம் பேரு ஜெயவேலு என்று ஆரம்பித்தான். சொக்கம்மாள் அந்த விரிப்பை மட்டும் வேறு கொடிக்கு மாற்றினாள். மற்றதை எங்கே மாற்றுவது?

புதன்கிழமை பத்து மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசை முழுக்க எங்கிருந்தோ வேனில் வந்து இறங்கியவர்கள். ஒருத்தர் முகமும் தெரிந்த முகமில்லை. சவுக்குமேட்டு ஆட்களுக்குக் கடைசி வரிசைகளில்தான் இடம். சொக்கம்மாள் மேடை மேஜைக்கு விரிப்பைப் போட்டு, கொசுவம் மடித்து, ஊசி குத்தி, கையால் ஒருமுறை நீவிவிட்டு இறங்கினாள். டியூப்லைட் வெளிச்சத்தில் அது கண்ணைக் கூச வைத்தது. பாய் தள்ளி நின்று பார்த்து, “மாஷா அல்லாஹ்” என்றார். அவளுக்குப் பெருமையாகவே இருந்தது. பொய் சொல்வானேன்.

மேடையில் நடுவில் கூட்டத்தை நடத்தும் அதிகாரி. கண்ணாடி போட்ட அமைதியான மனிதர், எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் கம்பெனியின் ஆலோசகர், முழுக்கைச் சட்டையும் லேப்டாப்புமாக. ஓரத்தில் ஒரு டைப்பிஸ்ட். ஆலோசகர் திரையில் பச்சை மரங்களாகக் காட்டினார். தண்ணீர் தெளிக்கிற குழாயைக் காட்டினார். தூசி சுவரைத் தாண்டாது என்று அம்புக்குறி போட்டே காட்டிவிட்டார்.

ஜெயவேல் மைக்கைப் பிடித்தபோது மணி பத்தே முக்கால். பெயரைச் சொன்னான், வேலையைச் சொன்னான். “எங்க தெருவுல சோத்துல கரி, தண்ணில கரி, படுத்து எய்ந்தா தலகாணில கரி சார். முன்னாடி கெடங்குக்கே...” என்றவனுக்கு இழுத்துக்கொண்டது. பம்பை எடுத்து உதறி வாயில் வைப்பதற்குள் ஆலோசகர் சிரித்தபடி குறுக்கே வந்தார்.

“ஐயா சொல்றதுல உணர்ச்சி இருக்கு, மதிக்கிறேன். ஆனா நாம ஆதாரத்த வச்சுப் பேசணும். சார், இந்த டேபிள் கிளாத்தப் பாருங்க. பால் மாதிரி இருக்கு. இது எங்க துவைச்சதுன்னு காலைல மண்டபத்துக்காரர்ட்ட கேட்டேன். இதே சவுக்குமேட்டுலதான், ஐயா சொல்ற அதே தெருவுலதான். ஊரெல்லாம் கரி பறந்தா இந்தத் துணி இப்படியா சார் இருக்கும்?”

முன்வரிசை கைதட்டியது. யாரோ விசிலடித்தான். அதிகாரி குனிந்து துணியைப் பார்த்தார், பிறகு வழக்கம்போலத் தலையாட்டினார். டைப்பிஸ்ட் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டான். ஜெயவேல் வாயில் பம்போடு, பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனாக எல்லோர் முன்னாலும் நின்றான். மைக்கை ஒருவன் அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனான்.

சொக்கம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு நாளாகத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்திருந்த அந்தக் கையே புருஷன் வாயை அடைத்துவிட்டது. அவள் வழியில் நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு மேடைக்குப் போனாள்.

“இந்தாம்மா, டோக்கன் வாங்குனியா?” என்று ஒருவன் மறித்தான்.

“தோய்ச்சவ நான்தான்யா. என் துணியப் பத்திதான பேசறாரு, நான் பேசக்கூடாதா?” மைக் அவளுக்குத் தேவைப்படவில்லை. “சார், இந்தத் துணி எப்டி வெள்ளையா கீதுன்னு கேட்டீங்களே, சொல்றேன் கேட்டுக்குங்க. காலைல பத்தரைக்கு மேல ஒரு துணிகூட வெளில இருக்காது. கடக்காத்து ஏறுச்சுன்னா அத்தினியும் வூட்டுக்குள்ள. ஒரே ரூமு சார். கதவ சாத்தி, சன்னல சாத்தி, ஏழு கொடி. அதுக்குக் கீயதான் அந்தாளு படுத்துக்கினு கீறாரு. ஈரம் ஆவாதுன்னு டாக்டரு எயுதிக் குடுத்தாரு. தெரிஞ்சேதான் போட்டேன். வெளில போட்டா துணி போவும், உள்ள போட்டா ஆளு போவும். துணியக் காப்பாத்துனேன் சார், சோறு அதுலதான வருது. உங்களுக்கு வெள்ளையா விரிக்கணும்னு அவரு நெஞ்சு மேல காயப்போட்டு எத்துனு வந்தா, அத்தையே காட்டி அவர பொய்யன்றீங்க!”

ஆலோசகர் தோளைக் குலுக்கினார். “அம்மா, கோபப்படறதால ஆதாரம் வந்துடாது.”

“ஆதாரம்தான வோணும்?”

சொக்கம்மாள் மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். பேப்பர்களை அடுக்கி அதிகாரியின் மடியிலேயே வைத்துவிட்டாள். ஊசிகளைப் பிடுங்கி முந்தானையில் குத்திக்கொண்டு, விரிப்பை உருவித் தோளில் போட்டாள். பக்ருதீன் பாய் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

“அய்யோ, கான்ட்ராக்டு பூடும்மா! எனக்கும் பூடும், உனக்கும் பூடும். உடும்மா, உன்னக் கும்புடறேன்!”

“போவட்டும் பாய். ரெஜினா, அந்தப் பக்கம் புடிடி.”

மண்டபத்து வாசலில், உள்ளே இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, பந்தல் கம்பத்துக்கும் கேட்டுக்கும் கயிறு கட்டி இரண்டு பெண்களும் விரிப்பை வெயிலில் போட்டார்கள். ஒருத்தரும் கிட்டே வரக்கூடாதென்று ரெஜினா மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அதிகாரி கொஞ்ச நேரம் வெற்று மேஜையைப் பார்த்தார். அதன் பிளைவுட் ஓரமெல்லாம் உரிந்திருந்தது. பிறகு மணியைப் பார்த்து, “இப்போதைக்கு நிறுத்திக்கலாம், சாப்பாட்டுக்கு அப்புறம் தொடரலாம்” என்றார்.

பதினொன்றேகாலுக்குத் துணி லேசாக ஆடியது. சவுக்குமேட்டு ஆட்கள் யாரும் சாப்பிடப் போகவில்லை. கம்பெனி செலவில் வந்த பிரியாணிப் பொட்டலங்களை முன்வரிசைதான் முடித்தது. பன்னிரண்டுக்குத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. கிடங்கின் மேலே சாம்பல் நிறம் எழுந்தது. தினம் பார்க்கிறதுதான். ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறையாக அது வரட்டும், இன்னும் வரட்டும் என்று ஒரு தெருவே காத்திருந்தது. எவ்வளவு கேவலமான வேண்டுதல் பாருங்கள்.

ஜெயவேல் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தான். சொக்கம்மாள் அவன் கையில் தண்ணீரைக் கொடுத்தாள்.

“நெஞ்சு மேல காயப்போட்டேன்னு இத்தினி பேரு முன்னாடி சொல்லணுமா?” என்றான்.

“பொய்யா?”

“பொய் இல்ல. நான்தான் போடுன்னேன். அத்த சொல்லாம உட்டுட்டியே.” அவன் சிரிக்கப் பார்த்தான். இருமல்தான் வந்தது.

இரண்டரைக்குக் கூட்டம் மறுபடி கூடியது. சொக்கம்மாளும் ரெஜினாவும் விரிப்பை உதறாமல், மடிக்காமல், நாலு மூலையையும் பிடித்துப் படுக்கை வசமாகத் தூக்கிவந்து மேஜையில் இறக்கினார்கள். முன்வரிசைக்காரர்களே எட்டிப் பார்த்தார்கள். மிளகைப் பொடித்துத் தூவியதுபோலத் துணி முழுக்கப் புள்ளி. கையகல வெள்ளைகூட மிச்சமில்லை.

“இது... ரோட்டுத் தூசியாகூட இருக்கலாம். சும்மா மேலாப்பல படிஞ்சது. தொடச்சா போயிடும்” என்றார் ஆலோசகர். அவர் தண்ணீர் குடித்துவிட்டுக் கைக்குட்டையால் வாயைத் துடைத்திருந்தார். அந்த ஈரக் கைக்குட்டையோடு குனிந்தார்.

காய்ந்த கரியில் ஈரம் படக்கூடாது. உதற வேண்டும், அல்லது ஊதிவிட வேண்டும். ஈரம் பட்டுத் தேய்த்துவிட்டால் நூலுக்குள் இறங்கிவிடும். அப்புறம் எந்த சோப்பும் செல்லாது. யார் வெள்ளைத்துணியில் கை வைத்தாலும் “தேய்க்காத” என்று கத்துவது சொக்கம்மாளுக்கு ஆறு வருஷப் பழக்கம். வாய் தானாகத் திறந்தது. அவள் மூடிக்கொண்டாள்.

ஆலோசகர் தேய்த்தார். ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பாக ஒரு பட்டை விழுந்தது. திடுக்கிட்டு, அதைப் போக்க இன்னும் அழுத்தித் தேய்த்தார். பட்டை அகலமானது. கைக்குட்டை கறுத்தது. சட்டையின் முழுக்கை நுனியும் கறுத்தது. பின்னால் யாரோ, “நல்லா தேயி சார், சும்மா மேலாப்பலதான்” என்று குரல் கொடுக்க மண்டபமே சிரித்தது.

“வேற கிளாத் போடுங்கப்பா!” என்று அவர் கத்தினார்.

பக்ருதீன் பாயின் முதுகுக்குப் பின்னால் ஸ்டூலில் விரிக்காமல் மிஞ்சிய சலவை விரிப்புகள் நாலைந்து மடித்து அடுக்கியிருந்தன. பாய் ஒரு எட்டு பின்வாங்கி அதை மறைத்துக்கொண்டு நின்றார். “வேற இல்ல சார். இது ஒண்ணுதான்.”

அதிகாரி தன் பேப்பர்களை மேஜைமேல் வைக்கப் போனவர், கீழே பார்த்துவிட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டார். அன்றைக்கு முதல் தடவையாகத் தலையை ஆட்டாமல் டைப்பிஸ்டைப் பார்த்தார்.

“காலைல பேசினாரே, அவரக் கூப்பிடுங்க. முதல்லேர்ந்து சொல்லச் சொல்லுங்க. நேரம் பாக்க வேணாம். ஒரு வரி விடாம அடிங்க. இந்தத் துணி விஷயத்தையும் சேர்த்து அடிங்க.”

ஜெயவேல் எழுந்து வந்தான். முதலில் பம்பை இழுத்தான். நிதானமாக மூச்சை விட்டான். “எம் பேரு ஜெயவேலு. தார்ப்பா கட்றவன்...” டைப்பிஸ்டின் விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன. இருபது நிமிஷம் பேசினான். நடுவில் மூன்று முறை நிறுத்தினான். ஒருவரும் மைக்கைப் பிடுங்கவில்லை.

ரெண்டாவது கிடங்கு வருமா, வராதா? இன்னும் தெரியாது. காகிதம் மேலே போயிருக்கிறது என்கிறார்கள். மேலே என்றால் எங்கே என்று யாரும் சொல்வதில்லை. முதல் கிடங்கின் பச்சை வலை அதே கிழிசலோடுதான் பறக்கிறது.

அன்று சாயங்காலம் சேர்களை லாரியில் ஏற்றிவிட்டுப் பாய் அந்த விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வந்தார். கான்ட்ராக்ட் கொடுத்தவன் திட்டிவிட்டுப் போன கடுப்பு முகத்தில் இருந்தாலும் குரலில் இல்லை.

“சொக்கம்மா, இது ஒண்ணு பாக்கி கீது. உங்கையால எதுனா பண்ணிப் பாரேன். மண்ணெண்ணெ கிண்ணெண்ணெ போட்டா போவாதா?”

“போவாது பாய்.”

“நீயே போவாதுன்னா அப்பால யாராண்ட குடுக்கறது?”

சொக்கம்மாள் அதை வாங்கி, கறுப்புப் பட்டை மேலே தெரிகிற மாதிரி நாலாக மடித்தாள்.

“யாராண்டயும் குடுக்க வாணாம். எங்கிட்டயே இருக்கட்டும். அடுத்த மீட்டிங்குக்கு இத்தத்தான் விரிப்பேன்.”